சொல் தேவை: கிரெடிட் ஸ்கோருக்குத் தமிழில் என்ன?

கோத்தகிரி, பள்ளி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம்.

பிளஸ் ஒன் மாணவர்களுக்குப் பொருளாதாரத்தையும் தனிநபர் நிதியையும் சேர்த்துச் சொல்லித்தரும் கையேடு ஒன்றை நாங்கள் சில ஆசிரியர்கள் எழுதிவருகிறோம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இப்படியொரு பாடம் கட்டாயம். 2011இல் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தவர்கள் தொடங்கி, இதை முடிக்காமல் அங்கே பள்ளிப் படிப்புக்குச் சான்றிதழ் கிடையாது. அந்தப் பாடத்திட்டம்தான் எங்களுக்குத் தூண்டுதல். உதாரணங்கள் மட்டும் பச்சைத் தேயிலை, கேரட், மேட்டுப்பாளையம் மண்டி என்று நம்முடையவை.

பெரும்பாலான சொற்களில் சிக்கல் இல்லை. கூட்டு வட்டி, பணவீக்கம், தேய்மானம், காப்பீடு எல்லாம் பாடநூலிலேயே இருக்கின்றன. ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட்டுக்கு வாய்ப்புச் செலவா, இலங்கை வழக்குப்படி அமையச் செலவா என்று இங்கே முன்பு நடந்த சண்டையை மறுபடி கிளற எனக்குத் தெம்பில்லை. பாடநூல் வழக்கையே எடுத்துக்கொண்டோம்.

மாட்டிக்கொண்டது கிரெடிட் ஸ்கோரில். ஒருவர் வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று வங்கிகள் பார்க்கும் எண் அது. ஊரில் எல்லாரும் "சிபில்" என்கிறார்கள். பத்திரிகைகள் "கடன் மதிப்பெண்" என்கின்றன. வகுப்பில் இதைச் சொல்லிப் பார்த்தேன். "கடன் நிறைய வாங்கினா மார்க் நிறைய வருமா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். இன்னொருவனுக்குக் காலைக்கடன் ஞாபகம் வந்துவிட்டது. அப்புறம் அன்றைக்குப் பாடம் எங்கே நடந்தது! ஆனால் முதல் பையன் கேட்டது நியாயமான கேள்வி. "மதிப்பெண்" என்றதும் முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் என்றுதான் பிள்ளைகளுக்குத் தோன்றும். இந்த எண்ணோ 300இல் தொடங்கி 900 வரை போகிறது. பாஸ், ஃபெயில் என்று பொதுவான கோடு கிடையாது. ஒவ்வொரு வங்கியும் தனக்கென்று ஒரு கோடு போட்டுக்கொள்கிறது.

யோசனை சொல்லுங்கள்.

குன்னூர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். "நாணய எண்" என்று வையுங்கள். கையிலேயே சொல்லை வைத்துக்கொண்டு ஏன் வெளியில் தேட வேண்டும்?

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. யாராவது கடன் மனு கொடுத்தால் மேனேஜர் என்னை அந்த ஊருக்கு அனுப்புவார். டீக்கடையில் கேட்பேன், மளிகைக் கடையில் கேட்பேன், இலை எடுக்கும் ஏஜென்ட்டிடம் கேட்பேன். கேட்பது ஒரே கேள்விதான்: "ஆள் நாணயமானவரா?" அந்த விசாரணையைத்தான் இன்றைக்கு இந்த எண் செய்கிறது. கிரெடிட் என்ற சொல்லுக்கும் லத்தீனில் வேர் நம்பிக்கைதான். தமிழில் பணத்துக்கும் நாணயம், சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம். இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழிக்குக் கிடைக்கும்?

கூடலூர், மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதுபவர்:

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. சொல் அழகுதான். ஆனால் இந்த எண்ணுக்கு அது ஆகாது. அழகாக இருப்பதாலேயே பயமாகவும் இருக்கிறது.

நீங்கள் டீக்கடையிலும் ஏஜென்ட்டிடமும் விசாரித்தீர்கள். இந்த எண் அங்கே போவதே இல்லை. மளிகைக் கடைப் பற்று, மண்டிக்காரர் கொடுக்கும் முன்பணம், கைமாற்று, பக்கத்துத் தெரு வட்டிக்கடையில் வைத்த நகை, எதுவும் அதில் ஏறாது. முப்பது வருஷமாகக் கடைப் பாக்கி ஒரு ரூபாய் வைக்காத பாட்டிக்கு இந்தக் கணக்கில் எண்ணே வராது. அவரை "நாணய எண் இல்லாதவர்" என்று கையேட்டில் எழுதுவீர்களா? அந்த வரியைப் பேத்தி வீட்டில் உரக்கப் படித்தால் என்ன ஆகும்?

மறுபக்கமும் பாருங்கள். தேயிலை வாரியம் பச்சைத் தேயிலைக்கு மாதாமாதம் விலை அறிவிக்கிறது. அதைப் பார்த்து ஃபேக்டரி கணக்குப் போட்டு இலைப் பணம் தருவதற்குள் அடுத்த மாதம் பிறந்துவிடும். வண்டிக் கடனுக்கு டியூ ஐந்தாம் தேதி, இலைப் பணம் வருவது பதினைந்துக்கு மேல் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்து நாளும், எண் எதிலிருந்து வருகிறதோ அந்த அறிக்கையில், தாமதம் என்று பதிவாகிவிடும். சிபில் அறிக்கையில் 36 மாதத் தவணை வரலாறு தெரியும். எத்தனை நாள் தாமதம் என்று மாதம் மாதமாகக் காட்டும். பணம் வந்த அன்றைக்கே ஓடிப்போய்க் கட்டியவரை நாணயம் குறைந்தவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொன்று, ஜாமீன். தம்பி வாங்கிய கடனுக்கு அண்ணன் கையெழுத்துப் போடுகிறார், தம்பி கட்டவில்லை. அண்ணனுடைய பதிவிலும் அது ஏறும். சொன்ன சொல் தவறியவர் யார், எண் இறங்குவது யாருக்கு?

அதே கையேட்டில் வேறு அத்தியாயத்தில் நாணய மதிப்பு, நாணய மதிப்புக் குறைப்பு எல்லாம் வரும், இல்லையா அக்கா? டாலருக்கு எதிரான ரூபாயைப் பற்றிப் படித்துவிட்டு வந்த பிள்ளை இதையும் அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

எதற்கு இவ்வளவு பாடு? "சிபில் எண்". மக்கள் சொல்லும் சொல்தான் சொல். ஜெராக்ஸுக்கு நகலி என்று வைத்தோமே, யார் சொல்கிறார்கள்?

கோத்தகிரி, பள்ளி ஆசிரியை:

பேச்சில் சிபில் இருக்கட்டும், அதை யாரும் பிடுங்கப் போவதில்லை. பாடத்தில் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. சிபில் என்பது 2000இல் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் பெயர். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்று இந்த எண்ணைக் கணக்கிடும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஒரே ஆளுக்கு நான்கிலும் எண் வேறுபடலாம். ஒவ்வொன்றிடமும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். 2017இல் இருந்து நடைமுறையில் உள்ள விதி இது. எல்லாவற்றுக்கும் சிபில் என்று பெயர் வைத்துவிட்டால் மற்ற மூன்றிலும் தனக்கு ஒரு பதிவு இருக்கிறது என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகும். தவறு அங்கேயும் இருக்கலாம் அல்லவா? அமெரிக்காவிலும் ஃபைக்கோ நிறுவனம் 1989இல் கொண்டுவந்த எண்தான், 300 முதல் 850 வரை, அதிகம் புழங்குகிறது. ஆனாலும் அதற்கென்று ஒரு பொதுப்பெயர் அங்கே இருக்கிறது.

கொடைக்கானல், விடுதி நடத்துபவர்:

கடனை அடைப்பதைத்தானே அளக்கிறது? "அடைவு எண்". சின்னச் சொல், நாக்கில் தடங்காது.

கூடலூர், மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதுபவர்:

எங்கள் பக்கம் இதைச் சொன்னால் நகையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து வந்தவர்களின் குடும்பங்கள் கூடலூர், பந்தலூர் முழுக்க இருக்கின்றன, எங்கள் வீடும் அப்படித்தான். இலங்கைத் தமிழில் அடைவு என்றால் அடகு. அடைவு கடை என்றால் அடகுக் கடை. எங்கள் பெரியவர்கள் இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறார்கள். பள்ளிக் கல்வியிலும் "கற்றல் அடைவு" என்று ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

குன்னூர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:

பாட்டி விஷயம் என்னை யோசிக்க வைத்தது. நாணய எண்ணை விட்டுத்தர மனசில்லை, ஆனாலும் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய பதிவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதன்முறை கடன் கேட்பவரின் மனுவைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. ஆக, பதிவு இல்லாததும் பதிவு கெட்டதும் வெவ்வேறு. நீங்கள் எந்தச் சொல்லை வைத்தாலும் இந்த இரண்டையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும்.

இன்னொரு ஆபத்தான சொல் இருக்கிறது. கவுண்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன். கடன் முற்றிப்போனதும் வங்கியில் கூப்பிட்டுப் பேசி, ஒரு லட்சத்துக்கு அறுபதாயிரம் கட்டினால் போதும் என்று முடிப்பார்கள். கட்டியவர், "செட்டில்மென்ட் ஆயிடுச்சு" என்று சந்தோஷமாகப் போவார். அவருடைய அறிக்கையில் "செட்டில்டு" என்று ஏறியிருக்கும். பாக்கி முழுதும் வரவில்லை என்று அதற்கு அர்த்தம். அடுத்த கடனுக்குப் போகும்போதுதான் அது உறைக்கும். முழுதும் கட்டி முடித்தவருக்கு "குளோஸ்டு" என்று இருக்கும். செட்டில் என்ற சொல் நம் காதுக்கு நல்ல சேதியாகக் கேட்கிறதே, அதுதான் வம்பு. இதற்கும் ஒரு தமிழ் பார்த்து வையுங்கள்.

கோத்தகிரி, பள்ளி ஆசிரியை:

ஐயா, நீங்கள் கடைசியாகச் சொன்னதில்தான் எனக்கு வழி தெரிந்தது. எண்ணுக்கு மட்டும் ஒரு பெயர் தேடியதால்தான் சுற்றிக்கொண்டிருந்தோம். எண் எதிலிருந்து வருகிறதோ அந்த அறிக்கைக்கு முதலில் பெயர் வைத்துவிட்டால் மற்றவை தானாக வருகின்றன.

அறிக்கைக்குக் "கடன்பதிவு". எண்ணுக்குக் "கடன்பதிவுப் புள்ளி". அந்த நான்கு நிறுவனங்களும் "கடன்பதிவு நிறுவனங்கள்". பாட்டியைப் போன்றவர் "கடன்பதிவு இல்லாதவர்". இதில் வசை எதுவும் இல்லை, அவருடைய பெயரில் ஏடு இன்னும் திறக்கவில்லை, அவ்வளவுதான். தவணை தவறிய நாட்களுக்குத் "தாமத நாள்". ஐயா கேட்ட ஜோடிக்கு "முழுதாக அடைத்தது", "குறைத்து முடித்தது". "குறைத்து" என்று இருக்கும்போது அதை யாரும் நல்ல சேதியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மதிப்பெண்ணை விட்டுப் புள்ளிக்குப் போனதற்குக் காரணம் கபடி. புள்ளி ஏறும், இறங்காது என்று யாராவது சண்டைக்கு வரலாம், வரட்டும். முப்பத்தைந்தில் பாஸ் என்ற எண்ணம் அதில் இல்லை என்பதே எனக்குப் போதும். "பெரும்புள்ளி" என்று பையன்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும், அந்தச் சாக்கில் ஞாபகம் இருக்கும்.

"நாணயம்" கையேட்டில் இடம்பெறும், எண்ணின் பெயராக அல்ல. கடன்பதிவு எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்ற பகுதியில் ஐயாவின் டீக்கடை விசாரணையை அப்படியே எழுதப் போகிறேன், அனுமதி உண்டுதானே? ஃபைக்கோ தன் எண்ணில் 35 விழுக்காடு தவணை வரலாற்றுக்கும் 30 விழுக்காடு பாக்கி இருக்கும் தொகைக்கும் கொடுக்கிறது. சம்பளமோ சேமிப்போ அந்தக் கணக்கில் இல்லை. இந்திய எண்களிலும் சம்பளமும் சேமிப்பும் சேர்வதில்லை. பையன் கேட்ட கேள்விக்கு அங்கேயே பதிலும் வந்துவிடுகிறது: கடன் நிறைய வாங்கினால் புள்ளி ஏறாது, கிரெடிட் கார்டு வரம்பை முட்ட முட்டச் செலவழித்தால் இறங்கவே செய்யும்.

சொல் பட்டியலுக்கு நான் எழுதியிருக்கும் விளக்கம் இது:

"கடன்பதிவுப் புள்ளி: வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் விவரங்களில் இருந்து ஒருவர் வாங்கிய கடனையும் தவணை கட்டிய முறையையும் கொண்டு கடன்பதிவு நிறுவனம் கணக்கிடும் எண். இந்தியாவில் 300 முதல் 900 வரை. பேச்சு வழக்கில் சிபில். வெளியே வாங்கிய கைமாற்றும் கடைப் பற்றும் இதில் சேராது."

கூடலூர் தங்கைக்கு ஒரு கேள்வி. நுண்கடன் (மைக்ரோ ஃபைனான்ஸ்) நிறுவனங்கள் கொடுக்கும் கடனும் கடன்பதிவில் ஏறுகிறது. அதையும் விளக்கத்தில் ஒரு வரியாகச் சேர்க்கவா, அல்லது குழுக்கடன் பற்றிய பாடத்தில் விரிவாகச் சொல்லிக்கொள்ளலாமா?

கூடலூர், மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதுபவர்:

இங்கேயே சேர்த்துவிடுங்கள் அக்கா. வாரத் தவணைக் கடன் பதிவில் வராது என்று நினைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடத்தில் வாங்குபவர்கள் இங்கே இருக்கிறார்கள். 2025 ஜனவரியில் இருந்து குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒரு முறை கடன்பதிவு நிறுவனங்களுக்கு விவரம் போய்க்கொண்டிருக்கிறது என்பதையும் போடுங்கள். முன்பு ஒரு மாதம் ஆகும் என்ற கணக்கு இப்போது செல்லாது.

"பதிவு"க்குப் பக்கத்தில் "கடன்" ஒட்டித்தான் வர வேண்டும், பிரித்து அச்சடித்துவிடாதீர்கள். பத்திரப் பதிவு, வருகைப் பதிவு எல்லாம் இருக்கிற கையேடு அது.

கோத்தகிரி, பள்ளி ஆசிரியை:

சேர்த்தாயிற்று, ஒட்டியும் ஆயிற்று. வேறு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்கள் அச்சுக்குப் போகிறது. அடுத்த சொல் "எமர்ஜென்சி ஃபண்ட்". அவசர நிதி என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். அது பேரிடர் காலத்தில் அரசாங்கம் ஒதுக்கும் பணம் மாதிரி கேட்கிறது.