மறு: ‘ரென்டியர் ஸ்டேட்’ என்பதற்கு ‘வாடகை அரசு’ போதுமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நம் தோழி மொழிபெயர்க்கும் வளைகுடா மன்னராட்சிக் கட்டுரையில் பக்கத்துக்குப் பக்கம் ‘ரென்டியர் ஸ்டேட்’ வருகிறது. குடிமக்களின் வரியை நம்பாமல், எண்ணெய் போன்றவற்றால் வெளியிலிருந்து வரும் பணத்தில் நடக்கும் அரசு என்று பொருள். அதற்கு வாடகை அரசு, குத்தகை அரசு, மேல்வார அரசு என்று மூன்று சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. நான்கு நாளாக மூன்றையும் மனதில் போட்டு உருட்டிப் பார்த்தேன். எதுவும் பொருந்தி உட்காரவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறேன்.

> வாடகை அரசு என்றால் யாருக்கும் புரியுமே?

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். வாடகை வீடு, வாடகை வண்டி, வாடகைத் தாய் என்று வரும் இடமெல்லாம், முன்னால் நிற்கும் ‘வாடகை’ பின்னால் வருவதை இரவலாக்கிவிடுகிறது. வாடகை அரசு என்று படிப்பவர், யாரோ காசு கொடுத்து அமர்த்திய அரசு என்றே எடுத்துக்கொள்வார்.

குத்தகைக்கும் அதே கதிதான். போதாதற்கு, அந்தச் சொல் அதே கட்டுரையில் வேறோர் இடத்துக்குத் தேவைப்படும். 1933-ல் சவூதி அரசு கலிபோர்னியா ஸ்டாண்டர்டு ஆயிலுக்கும், 1934-ல் குவைத் அமீர் குவைத் ஆயில் கம்பெனிக்கும் எழுதிக்கொடுத்தவற்றை எண்ணெய்க் குத்தகை என்று சொல்வதுதான் இயல்பு. அதை அங்கே விட்டுவிடுவோம்.

மேல்வாரம் சொன்ன பெரியவர் ஐயாவுக்கு முதலில் நன்றி. பொருளியல் பாடநூல்களில் ‘ரென்ட்’ என்பது வாரம்தான். ரிகார்டோவின் வாரக் கோட்பாடு என்று படித்தவர்கள் இந்தக் குழுமத்திலேயே பலர் இருப்பார்கள். ‘வார அரசு’ என்றால் வாரப் பத்திரிகை மாதிரி ஒலிக்கும் என்பதால் ஐயா மேல்வாரத்துக்குப் போயிருக்கிறார். ஆனால் மேல்வாரம் என்றால் என்ன? களத்தில் நெல்லை அளக்கும்போது அரசுக்கோ நிலவுரிமையாளருக்கோ போகும் பங்கு. உழுதவனுக்கு மிஞ்சுவது குடிவாரம். மேல்வாரம் இருக்கும் இடத்தில் உழுது, அறுத்து, அளந்து கொடுக்கும் ஒரு குடி இருந்தாக வேண்டும். அவன் முணுமுணுக்கலாம், அளவில் தகராறு செய்யலாம், தாங்காவிட்டால் ஊரை விட்டே போகலாம். அவனை அரசு ஏதோ ஒரு விதத்தில் சரிக்கட்டித்தான் ஆக வேண்டும். நாம் பேசும் அரசின் முக்கிய அடையாளமே அப்படியொரு குடி அதற்குத் தேவைப்படாததுதான். ஆகவே மேல்வார அரசு என்று போட்டால் பொருள் தலைகீழாகிவிடும்.

இந்தக் கருத்தை 1970-ல் ஹொசைன் மஹ்தவி ஈரானை வைத்து எழுதினார். 1987-ல் ஹாஸிம் அல்-பெப்லாவியும் ஜாக்கோமோ லூச்சியானியும் அதை அரபுலகத்துக்கு விரித்தார்கள். (பெப்லாவி பின்னால் 2013-ல் எகிப்தின் இடைக்காலப் பிரதமராகவும் ஆனார்.) அவர்கள் சொன்னது இவ்வளவுதான்: நாட்டின் வருவாயில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. அதை ஈட்டும் வேலையில் மக்களில் மிகச் சிலரே இருக்கிறார்கள். வந்த பணம் முதலில் அரசின் கையில் சேர்கிறது. மக்களுக்கு அதைப் பங்கிட்டுக் கொடுப்பதே ஆட்சியின் முதன்மை வேலையாகிவிடுகிறது. அது எண்ணெயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சூயஸ் கால்வாய்க் கட்டணமும் வெளிநாட்டு நிதியுதவியும்கூட இதில் சேரும்.

இப்போது என் பரிந்துரைக்கு வருகிறேன். குறள் 756:

உறுபொருளும் உல்குபொருளும்தன் ஒன்னார்த்
தெறுபொருளும் வேந்தன் பொருள்.

உல்கு என்றால் சுங்கம். தெறுபொருள் பகைவரை வென்று பெறும் திறை. உறுபொருள்? உடையவர் இல்லாததால் தானே வந்து சேரும் பொருள் என்கிறார் பரிமேலழகர். நெடுங்காலம் நிலத்துக்குள் கிடந்து பின்பு கண்டெடுக்கப்பட்டதையும் அதில் சேர்க்கிறார். இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. எண்ணெய்க்கு இதைவிட நெருக்கமாக யார் சொல்ல முடியும்? சவூதியின் 1992 அடிப்படைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, இறைவன் நிலத்தின் அடியிலும் மேலும் கடலிலும் அருளிய செல்வங்கள் எல்லாம் அரசின் உடைமை என்ற பொருளில்தான் தொடங்குகிறது.

ஆகவே ‘உறுபொருள் அரசு’.

அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. குறள் சொல்லும் உல்குக்கும் உறுபொருளுக்கும் இடையிலான தூரம்தான் குவைத்தின் அரசியல் வரலாறு. எண்ணெய்க்கு முன் அந்தச் சின்னத் துறைமுகம் முத்துக்குளிப்பையும் கடல் வணிகத்தையும் நம்பியிருந்தது. அமீருக்கு வரும்படி வணிகர்கள் கட்டும் சுங்கமும் முத்துப் படகுகளின் தீர்வையும். அதனால் வணிகர்களின் சொல்லுக்கு எடை இருந்தது. 1910 வாக்கில் அப்போதைய அமீர் ஷேக் முபாரக் வரியை ஏற்றி நெருக்கியபோது பெரிய முத்து வணிகர்கள் சிலர் படகோடு பஹ்ரைனுக்குப் போய்விட்டார்கள். எல்லோரையும் அதட்டி ஆண்ட முபாரக், அவர்களைத் தாஜா செய்துதான் திரும்ப அழைத்தார். களத்தை விட்டுப் போகும் குடியானவன் மாதிரியே இல்லையா? அதுவரை மேல்வாரம் என்ற சொல்கூட அங்கே பொருந்தும்.

அப்புறம் 1938. பிப்ரவரியில் குவைத்தின் புர்கானில் எண்ணெய் கிடைத்தது. அதே ஆண்டு கோடையில் வணிகர்கள் ஒன்றுகூடிச் சட்டமன்றம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். எண்ணெய்க் கம்பெனி தரும் பணம் உட்பட வருவாயைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவர அது முனைந்தது. டிசம்பரிலேயே அமீர் அதைக் கலைத்துவிட்டார். 1946-ல் ஏற்றுமதி தொடங்கியதும் நிலைமை முற்றிலும் மாறியது. அமீருக்கு இனி வணிகரின் சுங்கம் தேவையில்லை, அமீரிடமிருந்து வணிகருக்குத்தான் பணம் தேவை. நகரை விரிவாக்குகிறோம் என்று அரசு அவர்களுடைய நிலத்தைச் சந்தை விலையைவிடப் பலமடங்கு கொடுத்து வாங்கியது. குடிமக்களுக்குப் பள்ளி, மருத்துவமனை, வீடு, அரசு வேலை எல்லாம் வந்தன. வருமான வரி வரவில்லை. உல்கு போய் உறுபொருள் வந்தது என்று ஒரு வரியில் இதைச் சொல்லலாம். வேறு எந்தச் சொல்லை வைத்தாலும் நமக்கு ஒரு பத்தி தேவைப்படும்.

இதே குவைத் இன்னொரு பாடமும் வைத்திருக்கிறது. வரி இல்லையென்றால் மக்கள் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது இந்தக் கோட்பாட்டைச் சுருக்கிச் சொல்பவர்கள் வழக்கமாகப் போடும் முடிவு. ஆனால் 1962 அரசியலமைப்பும் 1963-ல் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றமும் எண்ணெய் கொழித்த காலத்தில்தான் வந்தன. அமைச்சர்களை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்ட மன்றம் அது. 1976-லும் 1986-லும் அமீர் கலைத்தார், மீண்டும் வந்தது. 2024 மே மாதம் நான்கு ஆண்டு வரைக்கும் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாம் கண்டுபிடிக்கும் சொல் பணம் வரும் வழியை மட்டும் சொன்னால் போதும். சிலர் கேட்ட ‘வரியில்லா அடிமை அரசு’ போன்றவற்றை நான் வன்மையாக மறுக்கிறேன். அது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

> எல்லாம் எண்ணெயே என்றால் தீன் (மார்க்கம்) எங்கே போச்சு? சொல்லில் அதற்கும் இடம் வேண்டாமா?

கீழக்கரைக் காக்காவின் (அண்ணனின்) கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது என்பதே என் கருத்து, ஏனென்றால் இரண்டும் தனித்தனியாகவும் இயங்குகின்றன. மொராக்கோ மன்னருக்கு எண்ணெய் இல்லை. ஆனால் அவர் நபியின் வழித்தோன்றல், அமீருல் மூமினீன், அதாவது நம்பிக்கையாளர்களின் தலைவர். ஜோர்டானின் ஹாஷிமிகளும் அந்த வழிதான். எதிர்ப்பக்கம் லிபியாவைப் பாருங்கள். மன்னர் இத்ரீஸ் சனூசி தரீக்கா என்ற சூஃபி நெறியின் தலைவர், 1959-ல் பெரும் எண்ணெய் வயலும் கிடைத்தது. சமயமும் இருந்தது, பணமும் வந்தது. 1969-ல் ஒரு இளம் ராணுவ அதிகாரி அவரைக் கவிழ்த்துவிட்டார்.

சவூதியில் சமயம் எண்ணெய்க்கு இரு நூற்றாண்டு மூத்தது. 1744-ல் திரியாவில் ஆட்சியாளர் முஹம்மது இப்னு சவூதும் மார்க்கப் போதகர் முஹம்மது இப்னு அப்துல் வஹ்ஹாபும் செய்துகொண்ட உடன்பாட்டில் வாளும் போதனையும் கைகோத்தன. எண்ணெய் வந்தபின் நடந்தது என்னவென்றால், உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) அரசுச் சம்பளத்துக்கு வந்தார்கள். உறுபொருள் மார்க்கத்தை ஒதுக்கித் தள்ளவில்லை, அதற்கும் பட்ஜெட் போட்டது. 1979 நவம்பரில் ஜுஹைமான் என்பவரின் ஆயுதக் கூட்டம் மக்காவின் புனிதப் பள்ளியைப் பிடித்தபோது, படையை உள்ளே அனுப்ப மன்னருக்கு உலமாக்களின் பத்வா (மார்க்கத் தீர்ப்பு) தேவைப்பட்டது. 1990-ல் அமெரிக்கப் படையை அழைக்கவும் அப்படியே. அந்த ஆண்டுகளில் அரசை எதிர்த்து மனு எழுதியவர்களும் மார்க்கத்தின் மொழியில்தான் எழுதினார்கள். மார்க்கம் மன்னருக்கு மட்டும் கட்டுப்பட்ட வேலையாள் இல்லை என்பதை இது காட்டுகிறது. 2011-ல் இரண்டும் ஒன்றாக வெளிப்பட்டன. மன்னர் அப்துல்லா ஏறத்தாழ 13,000 கோடி டாலருக்குச் சலுகைகள் அறிவித்தார். ஆர்ப்பாட்டம் கூடாது என்று மூத்த உலமாக்கள் அவை அறிக்கை விட்டது. பக்கத்துப் பஹ்ரைனில் பிப்ரவரி 11 அன்று குடும்பத்துக்கு ஆயிரம் தினார் அறிவித்தார்கள், 14-ஆம் தேதி மக்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். ஷியாக்கள் பெரும்பான்மையாகவும் அரச குடும்பம் சுன்னியாகவும் இருக்கும் ஊரில் பணத்தால் எல்லாவற்றையும் ஈடுகட்ட முடியவில்லை.

ஆக, பணத்துக்கு உறுபொருள். சமயப் பக்கத்துக்குப் புதுச்சொல்லே வேண்டாம், காக்கா வீட்டில் புழங்கும் சொல் போதும். தோழி ‘விசுவாசப் பிரமாணம்’ என்று போட்டிருக்கும் இடமெல்லாம் ‘பைஅத்’ என்று மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். ஷெய்குவிடம் (ஆன்மிக வழிகாட்டியிடம்) பைஅத் வாங்குவது தமிழ் முஸ்லிம்களுக்குத் தெரிந்த வழக்கம். குடிகள் மன்னரிடம் அதே பைஅத் செய்கிறார்கள் என்றால் அதன் கனம் உடனே விளங்கும். விசுவாசப் பிரமாணம் என்றால் அமைச்சர் பதவியேற்பு நினைவுக்கு வருகிறது. சவூதியில் 2006-ல் அமைத்த வாரிசு தேர்வுக் குழுவின் பெயரே பைஅத் அவைதான்.

ஒரு சோதனைக்காகச் சொல்லை என் அனுபவத்தில் வைத்துப் பார்த்தேன். நான் ஒன்பது ஆண்டு வளைகுடாவில் இருந்தேன். என் அறையில் தங்கியிருந்த ஒருவர் ‘ஃப்ரீ விசா’வில் வந்தவர். அவருடைய கஃபீலிடம் (விசா கொடுத்த உள்ளூர் ஸ்பான்சரிடம்) அவர் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. வெளியே கிடைத்த வேலையெல்லாம் செய்தார், ஆண்டுக்கொரு முறை விசா புதுப்பிக்கும்போது கையெழுத்துக்குப் பணம் கட்டினார். அந்தப் பணத்துக்காக அவர் மூன்று மாதம் வீட்டுக்கு அனுப்புவதைக் குறைத்துக்கொள்வதை ஒவ்வொரு ஆண்டும் பார்த்திருக்கிறேன். கஃபீலுக்கு அது உறுபொருள். அரசிடமிருந்து அடுக்கடுக்காகக் கீழே இறங்கும் இந்த வருவாயில் ஸ்பான்சர் முறையும் ஓர் அடுக்கு என்று பெப்லாவி எழுதியிருக்கிறார். சொல் அங்கேயும் பொருந்துகிறது. ஆனால் அந்தக் கடைசி அடுக்கில் உழுது அளந்து கொடுக்கும் குடியாக என் அறைத்தோழர் இருந்தார். ஐயா, உங்கள் மேல்வாரம் அந்த ஒரு இடத்தில் சரியாக இருக்கும், அங்கே அதைப் பயன்படுத்தலாம்.

எதிர்ப்பு ஒன்று வரும் என்று தெரியும். ‘ரென்ட்’ வாரமாகவும் ‘ரென்டியர்’ உறுபொருளாகவும் இருந்தால் வேர் தொடர்பு அறுந்துவிடுகிறது. உண்மைதான். ஆனால் வேரைக் காப்பாற்றப் போய்ப் பொருளை இழப்பதைவிட இது மேல் என்றே நினைக்கிறேன். அங்கேயும் காற்று மாறி வீசுகிறது. சவூதியில் 2018-ல் 5 சதவீதமாக வந்த மதிப்புக்கூட்டு வரி 2020 ஜூலையில் 15 ஆனது. ஓமான் 2028 முதல் உயர் வருமானத்துக்கு 5 சதவீத வரி என்று சட்டம் போட்டிருக்கிறது. உறுபொருள் குறைந்து உல்கு திரும்புகிறது என்று அதையும் இந்த இணைச் சொற்களாலேயே எழுத முடியும்.

‘ரென்ட் சீக்கிங்’குக்கு மட்டும் என்னிடம் இன்னும் சொல் இல்லை. அரசிடமிருந்து சலுகையும் உரிமமும் பெறுவதற்கே உழைப்பைச் செலவிடுவது என்பதைப் பேச்சுவழக்கில் எப்படிச் சொல்வோம்? கடைத்தெருவில் கேட்ட சொல் எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

அன்புடன்.