தினமும் அசைக்ளோவிர் சாப்பிட்டும் பிறப்புறுப்பு ஹெர்பிஸ் திரும்ப வருகிறது: டோஸா, நேரமா, நோயே வேறா?

கோத்தகிரி மருந்துக்கடை:
வாடிக்கையாளர் ஒருவருக்காகக் கேட்கிறேன். ஆண், வயது 36, டீ ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. சர்க்கரை இல்லை, எச்.ஐ.வி. நெகட்டிவ். வருஷத்துக்குப் பத்துத் தடவைக்கு மேல் ஹெர்பிஸ் புண் வந்ததால், அந்த வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் 400 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று என்று டாக்டர் எழுதினார். ஐந்து மாதம் ஆகிறது. அதற்குள் மூன்று தடவை வந்துவிட்டது. ஒவ்வொன்றும் ஆறேழு நாளில் ஆறிவிடுகிறது. மருந்துக்குக் கிருமி பழகிவிட்டதா? டோஸை ஏற்றலாமா?

தோல் மருத்துவர், ஊட்டி:
முதலில் கணக்கைப் பார்ப்போம். வருஷத்துக்குப் பத்து என்றால் ஐந்து மாதத்தில் நாலு. தினசரித் தடுப்பு மருந்து வருகையை 70 முதல் 80 சதவீதம் குறைக்கும், முழுசாக நிறுத்தாது. ஆகவே ஒன்று வந்திருந்தால் ஆச்சரியமில்லை. மூன்று என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

கிருமி பழகிவிட்டது என்ற முடிவுக்கு அவசரப்பட வேண்டாம். எதிர்ப்புச் சக்தி சரியாக உள்ளவர்களிடம் அது மிக அரிது. அப்படி இருந்தால் மருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே புண் 7–10 நாள் தாண்டியும் ஆறாமல் நிற்கும், பரவும். இவருக்கு ஆறேழு நாளில் ஆறுகிறது.

எனக்குச் சந்தேகம் ஷிப்ட் மேல்தான். வாயால் சாப்பிடும் அசைக்ளோவிரில் 15–20 சதவீதம்தான் ரத்தத்தில் சேர்கிறது. சேர்ந்ததிலும் பாதி மூன்று மணி நேரத்துக்குள் வெளியேறிவிடும். 12 மணி இடைவெளியே இழுத்துப் பிடித்த கணக்கு. நைட் ஷிப்ட் வாரத்தில் ‘காலை’ என்பது தூங்கப் போகும் நேரம், ‘இரவு’ என்பது வேலைக்குக் கிளம்பும் நேரம். ஷிப்ட் மாறும் நாளில் ஒரு மாத்திரை விட்டுப்போனால் ஒரு நாள் முழுக்கக் காலி. சீட்டில் ‘காலை, இரவு’ என்று எழுதாமல் ‘6 மணி, 18 மணி’ என்று எழுதிக் கொடுங்கள்.

அதுவும் நடக்காது என்றால், எழுதிய டாக்டரிடம் வாலசைக்ளோவிர் (உடலுக்குள் போய் அசைக்ளோவிராக மாறும் மருந்து) பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். அதில் பாதிக்கு மேல் ரத்தத்தில் சேரும், தினம் ஒரு வேளை போதும். ஆனால் 500 மி.கி. அளவு, வருஷத்துக்குப் பத்துக்கு மேல் வருகிறவர்களுக்குப் பற்றாமல் போகலாம். அவர்களுக்கு 1 கிராம். அதற்கு முன் கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்தச் சோதனை) பார்க்க வேண்டும். குளிருக்குத் தண்ணீரே குடிக்காமல் டீயிலேயே நாளை ஓட்டுகிறவர்கள் நம் ஊரில் அதிகம், இந்த மருந்தோ சிறுநீரகம் வழியாகத்தான் போகிறது.

ஒரு கேள்வி: புண் வருவது கொத்தாகவா, ஒற்றையாகவா? ஆறியபின் கறுப்பு நிற்கிறதா?

ஆய்வகம், குன்னூர்:
நோய் எப்படி உறுதியானது என்றும் கேளுங்கள். பலர் கையில் ‘ஹெர்பிஸ் ஐ.ஜி.எம்.’ ரத்த ரிப்போர்ட் ஒன்றுதான் இருக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது: பழைய தொற்று திரும்பினாலும் பாசிட்டிவ் காட்டும், சம்பந்தமில்லாமலும் காட்டும். தேவை புண்ணிலிருந்து எடுத்த மாதிரியில் பி.சி.ஆர்., அதாவது கிருமியின் மரபணுவையே தேடும் சோதனை.

கொப்புளம் வந்து முதல் இரண்டு நாளுக்குள் வரச் சொல்லுங்கள். பொருக்கு கட்டியபின் எடுத்தால் கிருமி இருந்தும் நெகட்டிவ் வரலாம். கொப்புளத்தைக் கிழித்து அடிப்பகுதியை அழுத்தித் தேய்த்து எடுக்க வேண்டும். வலிக்கும், மேலோட்டமாகத் தடவி எடுத்தால் பயனில்லை. மரக்குச்சிப் பஞ்சு வேண்டாம். செயற்கை இழை ஸ்வாப் (மாதிரி எடுக்கும் குச்சி), வைரஸ் கெடாமல் காக்கும் திரவம் உள்ள குழாய், 2–8 டிகிரி ஐஸ் பெட்டி. ‘மலைக்குளிர்தானே’ என்று அப்படியே பையில் போட்டு அனுப்பினால் மேட்டுப்பாளையம் இறங்கும்போதே சூடேறிவிடும். ஹெர்பிஸ் வைரஸில் டைப் 1 ஆ, 2 ஆ என்று பிரித்துக் கேளுங்கள்; டைப் 1 பிறப்புறுப்பில் அவ்வளவு அடிக்கடி திரும்ப வராது.

கோத்தகிரி மருந்துக்கடை:
டாக்டர், கேட்டுவிட்டேன். இரண்டு விதமாகவும் வருமாம். சில தடவை சிறு கொப்புளக் கொத்து, முந்தின நாளே சுரீரென்று குத்தல். சில தடவை ஒரே வட்டம், எப்போதும் அதே இடம், ஆறியபின் கருஞ்சாம்பல் தழும்பு. இடுப்பு வலிக்கு அவ்வப்போது மாத்திரை வாங்குகிறார்.

தோல் மருத்துவர், ஊட்டி:
அப்படியானால் மூன்றில் ஒன்றிரண்டு ஹெர்பிஸே இல்லாமல் இருக்கலாம். குறிப்பிட்ட ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல், அதைச் சாப்பிட்ட சில மணி நேரத்தில் அதே இடத்தில் சிவந்து கொப்புளித்துக் கறுப்பது தனி ஒவ்வாமை. ஆண்குறியின் நுனி அதற்குப் பிடித்த இடம். வலி மாத்திரை, கோ-ட்ரைமாக்ஸசோல், பேதிக்குக் கொடுக்கும் ஆஃப்லாக்ஸசின்–ஆர்னிடசோல் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இதற்கு அசைக்ளோவிரை எத்தனை ஏற்றினாலும் பலனில்லை. மாத்திரை அட்டைகளைத் தேதியோடு எடுத்துவரச் சொல்லுங்கள். சோதித்துப் பார்க்கிறேன் என்று வீட்டில் மறுபடி விழுங்க வேண்டாம்.

ஆலோசகர், கூடலூர்:
சுரக்ஷா கிளினிக்கில் (பால்வினை நோய்க்கான அரசு கிளினிக்) தரும் சிவப்பு மருந்து கிட்டையும் அவர் வாங்கினாரா என்று விசாரியுங்கள். அதில் அசைக்ளோவிர் 400, மொத்தம் 21 மாத்திரை, மூன்று வேளை வீதம் 7 நாளுக்கு. அது புண் வந்தபோது சாப்பிட. அதைப் பிரித்துத் தினசரி மருந்தாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், பாதியில் தீர்ந்துபோகும்.

மனைவிக்குத் தெரியுமா என்பது அடுத்த விஷயம். புண் இல்லாத நாளிலும் கிருமி தோலில் வெளியாகும். ஓர் ஆய்வில், தினம் வாலசைக்ளோவிர் 500 எடுத்தபோது துணைக்குத் தொற்றுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆணுறையும் சேர்ந்தால் இன்னும் நல்லது. குத்தல் தொடங்கியது முதல் தோல் முழுசாக ஆறும்வரை உறவு வேண்டாம். மனைவி கர்ப்பமானால் மகப்பேறு டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

புண்ணுக்கு: அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒத்தி எடுத்து உலரவிட வேண்டும். சிறுநீர் கழிக்கும்போது எரிந்தால் மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகலாம். ஜூன், ஜூலையில் உள்ளாடை காயாது. ஈரத்தோடு, அதுவும் இறுக்கமான கம்பளி இன்னருக்கு உள்ளே போட்டால் உரசல்தான். அடுப்படியில் உலர்த்தி, தளர்வான பருத்தி போடட்டும். ஸ்டீராய்டு கலந்த ‘எல்லாத்துக்கும் ஒரே’ க்ரீமை மட்டும் கடையில் கொடுத்துவிடாதீர்கள் சார், அது புண்ணை இழுத்தடிக்கும். அக்கி என்று நினைத்துக் காவி பூசுவதும் வேண்டாம். ‘மேக நோய் குணம்’ என்று போஸ்டர் ஒட்டி லாட்ஜில் உட்காரும் வைத்தியர்களைப் பற்றி உங்களுக்கே தெரியும்.

கோத்தகிரி மருந்துக்கடை:
க்ரீம் கேட்டுத்தான் முதலில் வந்தார், கொடுக்கவில்லை. 6 மணி, 18 மணி என்று அட்டையிலேயே எழுதி ஒட்டிவிட்டேன். அடுத்த கொப்புளம் வந்த அன்றே குன்னூருக்கு அனுப்புகிறேன்.