ஸ்பின்னிங் ராடு கட்டும்போது கைடு தேர்ந்தெடுத்த அனுபவம்

கோவளம் கழிமுகத்திலும் முட்டுக்காட்டிலும் கொடுவா மீனுக்கு லூர் (செயற்கை இரை) வீசுபவன் நான். நான்கு வருடம் கடையில் வாங்கிய தூண்டில் ராடுகளோடு ஓட்டினேன். போன வருடம் 7 அடி பிளாங்க் (எதுவும் பொருத்தாத வெறும் கம்பு) ஒன்றை வாங்கி நானே கட்டினேன். பிளாங்க் அருமையானது. லைன் ஓடும் வளையங்களான கைடுகளில்தான் தவறிவிட்டேன். கட்டியதை அறுத்து மறுபடி கட்டியதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். ராடு கட்டிய மற்றவர்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

முதல் தடவை ‘7 அடி ஸ்பின்னிங் ராடுக்கு’ என்று விற்ற ஒரு செட்டை அப்படியே வாங்கினேன். நுனிவரைக்கும் எல்லாமே இரட்டைக்கால் கைடுகள். வெறும் பிளாங்கை உதறியபோது நுனி உடனே அடங்கியது. கட்டி முடித்து உதறினால் மூன்று நான்கு முறை ஆடிவிட்டுத்தான் நின்றது. இரட்டைக்கால் என்றால் ஒவ்வொரு கைடுக்கும் இரண்டு இடத்தில் நூல் சுற்ற வேண்டும், இரண்டு இடத்தில் எபாக்சி பூச வேண்டும். அடிப்பக்கம் இந்த எடை தெரியவே தெரியாது. கடைசி இரண்டடியில் அதே எடை ராடின் குணத்தையே மாற்றிவிடுகிறது. 10 கிராம் லூரை வீசினால் சுறுசுறுப்பே இல்லை.

அதைவிடப் பெரிய தொல்லை ரீலுக்குப் பக்கத்தில் வரும் முதல் கைடு. வளையம் போதுமான அளவு பெரியதுதான், ஆனால் கால் குட்டை. ஸ்பின்னிங் ரீலில் லைன் சுற்றியிருக்கும் ஸ்பூல், வீசும்போது சுழலாது. லைன் ஸ்பூலின் விளிம்பைத் தாண்டிச் சுருள் சுருளாகக் கொட்டும். அந்தச் சுருளை அடக்கி நேராக்குவதுதான் முதல் இரண்டு மூன்று கைடுகளின் வேலை. ரீலோ பிளாங்குக்குக் கீழே தொங்குகிறது. முதல் கைடு பிளாங்கை ஒட்டிக் கிடந்தால் சுருள் பிளாங்கிலேயே அறையும். ஒவ்வொரு வீச்சிலும் ‘சட சட’வென்று கேட்டது. எதிர்க்காற்றில் லைன் கைடைச் சுற்றிக்கொண்டு ஒரு நல்ல லூர் பறந்தே போய்விட்டது. வளையத்தின் விட்டத்தை மட்டும் பார்த்து வாங்கியதன் விளைவு இது. கைடின் உயரமும் விட்டம் அளவுக்கே முக்கியம்.

இரண்டாம் முறை ரீலிலிருந்து தொடங்கினேன். நம் ரீல்களில் ஸ்பூலின் தண்டு பிளாங்குக்கு இணையாக இருக்காது, லேசாக மேல் நோக்கிச் சாய்ந்திருக்கும். ராடை மேசைமேல் கட்டி, ரீலைப் பூட்டி, ஸ்பூலின் நடுவிலிருந்து அந்தத் தண்டின் போக்கிலேயே ஒரு நூலை நீட்டிப் பிடியுங்கள். நூல் பிளாங்கைத் தொடும் இடத்துக்குள் சுருள் முழுதாக அடங்கியிருக்க வேண்டும். அங்கே முதல் சிறு கைடு. ரீலுக்கும் அதற்கும் நடுவில் வரும் கைடுகள் எல்லாம் அந்த நூல் நடுவளையம் வழியே போகிற மாதிரி உயரம் குறைந்துகொண்டே வர வேண்டும். ஸ்பூல் விளிம்பின் விட்டத்தை 27 ஆல் பெருக்கி அந்த இடத்தைக் குறிக்கும் வழக்கமும் உண்டு. என் ஸ்பூல் 48 மி.மீ. அப்படிப் பார்த்தால் ஸ்பூலின் முகத்திலிருந்து ஏறக்குறைய 130 செ.மீ. கணக்கு தொடக்கத்துக்கு உதவும். முடிவை வீசிப் பார்த்துத்தான் எடுத்தேன்.

அந்த வீசிப் பார்ப்பதைத்தான் எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்வேன். நூல் சுற்றுவதற்கு முன் கைடுகளை மாஸ்கிங் டேப்பில் ஒட்டிக்கொண்டு, முள் இல்லாமல் 20 கிராம் ஈயத்தைக் கட்டிக் கடற்கரையில் ஐந்து சாயங்காலம் வீசினேன். ஒவ்வொரு அமைப்புக்கும் இருபது வீச்சு. கடைசியில் நின்றது 25, 16, 10 என்ற வளைய அளவுகளில் மூன்று உயரமான கைடுகள், அப்புறம் நுனிவரை ஐந்தும் சிறிய ஒற்றைக்கால் கைடுகள். ராடு எத்தனை அடியோ அதோடு ஒன்று கூட்டிக்கொள் என்பது பழைய வழக்கு, அதன்படி எட்டு. நுனி கைடு தனி. தூரம் நான் நினைத்த அளவு கூடவில்லை, ஐந்தாறு தப்படி இருக்கும். ஆனால் சத்தம் போய்விட்டது, சிக்கலும் போய்விட்டது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

வளைவுச் சோதனையையும் விடாதீர்கள். டேப்போடு இருக்கும்போதே கைடுகள் வழியாக லைனை விட்டு, நுனியில் எடை கட்டி ராடை வளைக்க வேண்டும். லைன் பிளாங்கின் வளைவோடு சேர்ந்து போகாமல் எங்கே இரண்டு கைடுக்கு நடுவே நேர்கோடாக வெட்டிக்கொண்டு போகிறதோ, அங்கே இடைவெளி அதிகம். கைடை நகர்த்தி மறுபடி பார்க்க வேண்டும். எனக்கு நுனியிலிருந்து மூன்றாவது கைடு ஏறக்குறைய இரண்டு விரல்கடை நகர்ந்தது.

வளையத்தின் பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒற்றை இழை நைலான் நரம்புக்கு எந்த நல்ல வளையமும் போதும். பல இழைகளைப் பின்னிய பிரெய்டு லைன் அப்படியல்ல. உப்பும் நுண்மணலும் ஏறிய ஈர பிரெய்டு அரம் மாதிரி, மென்மையான வளையத்தில் பள்ளம் போட்டுவிடும். ஃபுஜி நிறுவனத்தின் அல்கோனைட் என்ற பீங்கான் வளையம் என் 20 பவுண்டு பிரெய்டுக்குத் தாராளம். நுனி கைடில் மட்டும் சிலிக்கான் கார்பைடு போட்டேன், லைன் அங்கேதான் அதிகமாக மடங்கி உரசுகிறது.

*

அண்ணே, நான் தூத்துக்குடி. நீங்கள் வளையத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டீர்கள், எனக்கு அதிலேதான் அடி விழுந்தது. படகில் பாரைக்குப் போவோம். ஒரு மாதத்தில் மூன்று மீன் அறுத்துக்கொண்டு போனது. முடிச்சைச் சந்தேகப்பட்டேன், லீடரை (பிரெய்டின் முனையில் கட்டும் தடித்த நரம்பு) மாற்றினேன், பிரெய்டையே புதிதாகச் சுற்றினேன். பிறகு ஒரு பெரியவர் காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றைக் கொடுத்து ஒவ்வொரு வளையத்திலும் விட்டுச் சுற்றச் சொன்னார். ஐந்தாவது கைடில் பஞ்சு இழைந்து மாட்டியது. கண்ணுக்குத் தெரியாத முடி போன்ற விரிசல். எப்போதோ ராடு படகின் விளிம்பில் விழுந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு பயணத்துக்கும் முன் பஞ்சு விட்டுப் பார்க்காமல் கிளம்புவதில்லை.

இன்னொன்று துரு. என் முதல் ராடில் கால் ஓரத்தில் எபாக்சி சரியாக மூடாமல் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. உப்புத் தண்ணீர் அதற்குள் இறங்கி, ஆறே மாதத்தில் நூலுக்கடியில் பழுப்புக் கோடு தெரிந்தது. டைட்டானியம் ஃபிரேம் துருப்பிடிக்காது, விலைதான் எட்டவில்லை. அதனால் எஃகு ஃபிரேம்தான். ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைக்கிறேன்.

*

மலேசியாவின் கிள்ளானிலிருந்து எழுதுகிறேன். இங்கே குளங்களில் சியாக்காப் பிடிப்போம், உங்கள் கொடுவாதான். இலேசாக இருக்கட்டும் என்று நுனிப் பக்கம் ஐந்து கைடுகளுக்கு 4 அளவு வளையம் போட்டேன். பிரெய்டையும் லீடரையும் இணைக்கும் மெல்லிய எஃப்ஜி முடிச்சு வளையங்களில் தட்டாமல் போனது. ஆனால் அவசரத்தில் குளக்கரையிலேயே அதைவிடத் தடித்த யூனி முடிச்சைப் போட்டு 50 பவுண்டு லீடர் கட்டினால், ஒவ்வொரு வீச்சிலும் முடிச்சு வளையத்தில் தட்டியது. ஒரு நாள் கரைக்குப் பக்கத்தில் மீன் திடீரென்று திரும்பி ஓடியபோது முடிச்சு உள்ளே மாட்டி அறுந்தது. அந்த ஐந்து கைடையும் கழற்றி 5.5 போட்டேன். எடை கூடியது கையில் தெரியவே இல்லை. கடையில் வாங்கும்போது உங்கள் முடிச்சைக் கட்டிய ஒரு துண்டு லைனைக் கையோடு கொண்டுபோய் வளையத்தில் விட்டுப் பாருங்கள்.

ஒரு சந்தேகம் அண்ணே. ஒற்றைக்கால் கைடு பெரிய மீன் இழுத்தால் நூலிலிருந்து உருவிக்கொண்டு வராதா?

*

தம்பி, அந்தப் பயம் எனக்கும் இருந்தது. காலைச் சுற்றி முடித்ததும் கடைசி மூன்று சுற்றை ஃபிரேமின் மறுபக்கம், கால் இல்லாத வெற்றுப் பக்கம், கொண்டுபோய்ப் பிளாங்கின்மேல் போட்டுவிடுங்கள். அப்புறம் கைடு முன்னாலும் நகராது, பின்னாலும் நகராது. காலின் நுனியையும் நைசாகச் சரிவாக அரமிட வேண்டும். செங்குத்தாக விட்டால் நூல் ஏறும் இடத்தில் இடைவெளி விழும். தூத்துக்குடித் தம்பி சொன்ன துரு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அரமிட்ட பிறகு காலின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் வளையும்போது பிளாங்கைக் கீறும், கார்பன் பிளாங்க் அதே கீறலில்தான் முறியும்.

பஞ்சுக்குச்சிக் கதையைப் படித்ததும் என் மூன்று ராடுகளையும் எடுத்துப் பார்த்தேன். பழைய ராடின் நுனி கைடில் பஞ்சு மாட்டியது. லேசாகச் சூடு காட்டி அதைக் கழற்றிவிட்டேன், புதியதை இந்த ஞாயிற்றுக்கிழமை ஒட்டுகிறேன்.