காணிக்கைப் பற்றுச்சீட்டு "அனுப்பப்பட்டது" என்கிறது மென்பொருள், பாதிப் பேருக்குக் கிடைக்கவில்லை

ஸ்காபரோ பொருளாளர், பெப்ரவரி 3, 2025

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஸ்காபரோவில் ஒரு தமிழ்ச் சபைக்கு நான் பொருளாளர். 2024ஆம் ஆண்டு காணிக்கைக்கு 168 பேருக்கு, வருமானவரிக்குக் காட்டுகிற பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். இதுவரை அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, தபாலில்தான் அனுப்பி வந்தோம். போன நவம்பர் 15 தொடக்கம் ஒரு மாதத்துக்கு மேல் தபால் வேலைநிறுத்தம் நடந்ததில் எங்கள் கிறிஸ்மஸ் அழைப்புகளே போய்ச் சேரவில்லை. அதனால் இந்த முறை மின்னஞ்சலில் அனுப்புவோம் என்று நிர்வாகசபையில் முடிவெடுத்தோம்.

சபை நிர்வாகத்துக்கு ஒரு மென்பொருள் பாவிக்கிறோம். அங்கத்தவர் பெயர், அவரவர் காணிக்கை உறையின் இலக்கம், வாராவாரம் போட்ட காணிக்கை எல்லாம் அதில் இருக்கிறது. சபை இணையத்தளம் இருக்கும் அதே வாடகை சேர்வரில்தான் அதையும் நிறுவியிருக்கிறோம். சனி இரவு எல்லோரையும் தெரிவு செய்து "மின்னஞ்சலில் அனுப்பு" என்பதை அழுத்தினேன். கால் மணி நேரத்தில் 168 வரியும் பச்சை நிறமாகி "அனுப்பப்பட்டது" என்று வந்தது. நிம்மதியாகப் படுத்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து "எனக்கு வரவில்லையே" என்கிறார்கள். விசாரித்ததில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வரவேயில்லை. வந்தவர்களிலும் பலருக்குக் குப்பைப் பெட்டியில்தான் கிடந்திருக்கிறது. பெயரைத் தமிழில் பதிந்திருந்த சிலருக்குப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சதுரப் பெட்டிகள்.

எனக்கு மிகவும் வலித்தது வேறொன்று. எங்கள் சபையில் 74 வயதுத் தாய் ஒருவர் இருக்கிறார். முதியோர் கொடுப்பனவில் இருந்து காணிக்கை போடுகிறவர். அவருக்கென்று மின்னஞ்சல் இல்லாததால் மகனுடைய விலாசத்தைத்தான் பதிந்திருந்தோம். பற்றுச்சீட்டு மகனுக்குப் போய், அம்மா ஆண்டு முழுக்க எவ்வளவு கொடுத்தார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அப்புறம் நானும் இரண்டு காரியம் செய்துவிட்டேன். எஸ்பிஎஃப் (எங்கள் பெயரில் யார் அஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லும் வரி) இல்லாவிட்டால் அஞ்சல் குப்பைக்குப் போகும் என்று வாசித்து, எங்கள் டொமைனில் (சபையின் இணையப் பெயரில்) அப்படி ஒரு வரியைச் சேர்த்தேன். பிறகு, வரவில்லை என்று சொன்ன 40 பேருக்குத் திரும்பவும் அனுப்பினேன். இப்போது பார்த்தால் அந்த 40 பேருக்கும் புது இலக்கம் விழுந்திருக்கிறது. முன்பு 2024-031 என்று இருந்தவருக்கு இப்போது 2024-175. ஒரே காசுக்கு இரண்டு பற்றுச்சீட்டு.

பெப்ரவரி 24 இணையவழியில் ரக்ஸ் (வருமானவரிப் பத்திரம்) செய்யத் திறக்கிறது. எங்கள் சனம் பலர் முதல் கிழமையே செய்து முடிப்பார்கள். அதற்கு முன் இதைச் சரி செய்ய வேண்டும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

மொன்றியல், கணனி வேலை

அண்ணா, முதலில் அந்தப் பொத்தானை இனித் தொடாதீர்கள். நான் கேட்பதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அஞ்சல் எந்த விலாசத்தில் இருந்து போகிறது, சபை டொமைனா, சாதாரண ஜிமெயிலா? உங்கள் ஜிமெயிலுக்கு வந்த ஒரு பற்றுச்சீட்டைத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி, அஞ்சலின் மூலத்தைக் காட்டச் சொல்லுங்கள். மேலே எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்று வரிகள் வரும். அவற்றின் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது? டொமைன் பதிவுகளில் எஸ்பிஎஃப் வரி எத்தனை இருக்கிறது?

ஸ்காபரோ பொருளாளர்

சபை டொமைன்தான் தம்பி. போதகர், செயலாளர், நான் மூன்று பேரும் கூகுள் வேர்க்ஸ்பேஸ் (சபை டொமைனில் கூகுள் தரும் மின்னஞ்சல்) வைத்திருக்கிறோம். ஆனால் மென்பொருள் அதைப் பாவிக்கவில்லை, வாடகை சேர்வரில் இருந்தே நேரே அனுப்புகிறது. எஸ்பிஎஃப் பக்கத்தில் பிழை என்று இருக்கிறது. டிகேஐஎம் என்ற வரியே இல்லை. எஸ்பிஎஃப் வரி இரண்டு இருக்கிறது, பழையது ஒன்று, நான் ஞாயிறு சேர்த்தது ஒன்று.

மொன்றியல், கணனி வேலை

பிடிபட்டது அண்ணா.

எஸ்பிஎஃப் என்பது "எங்கள் சபையின் பெயரில் கடிதம் போட இவர்களுக்கு மட்டும் அனுமதி" என்று வாசலில் ஒட்டும் பட்டியல் மாதிரி. உங்கள் பழைய பட்டியலில் கூகுள் மட்டும்தான் இருந்தது. மென்பொருளோ வாடகை சேர்வரில் இருந்து அனுப்பியது. அதனால்தான் முதல் இரவே சந்தேகப்பட்டுக் குப்பையில் போட்டார்கள். ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. நீங்கள் இரண்டாவதைச் சேர்த்ததும் கூகுள் வழியாகப் போகிற போதகர் ஐயாவின் அஞ்சலுக்கும் அந்தப் பாதுகாப்புப் போய்விட்டது. அதை இன்றைக்கே அழித்துவிடுங்கள்.

டிகேஐஎம் என்பது கடிதத்தின் மேல் வைக்கிற முத்திரை. 2024 பெப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்புகிற எவருக்கும் இந்த இரண்டில் ஒன்றாவது சரியாக இருக்க வேண்டும். உங்களிடம் இரண்டுமே இல்லை.

பச்சை நிறத்தையும் நம்பாதீர்கள். "அனுப்பப்பட்டது" என்றால் மென்பொருள் தன் சேர்வரிடம் கொடுத்துவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம், தபால்பெட்டிக்குள் போட்டது போல. போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. திரும்பி வந்தவை எங்கேயோ குவிந்திருக்கும். வாடகை சேர்வரின் முதன்மைக் கணக்குக்கு ஒரு அஞ்சல்பெட்டி இருக்கும், திறந்து பாருங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. வாடகை சேர்வரால் அனுப்புவதை விட்டுவிட்டு, கூகுள் வேர்க்ஸ்பேஸ் ஊடாகவே அனுப்புங்கள். மென்பொருளின் அமைப்புகளில் எஸ்எம்டிபி என்று, அஞ்சல் எந்தச் சேர்வர் வழியாகப் போக வேண்டும் என்று சொல்லும் ஒரு பகுதி இருக்கும். அதில் ஜிமெயிலின் எஸ்எம்டிபி சேர்வர் பெயர், போர்ட் 587, டிஎல்எஸ், பாவனையாளர் பெயருக்கு உங்கள் முழு மின்னஞ்சல் விலாசம் என்று கொடுங்கள். கடவுச்சொல்லுக்கு நீங்கள் வழக்கமாக உள்நுழையும் சொல்லைப் போட்டால் ஏற்காது. கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிய பிறகு, செயலிக்கென்று 16 எழுத்தில் ஒரு கடவுச்சொல் எடுக்கலாம். அதைத்தான் போட வேண்டும்.

டிகேஐஎம் சாவியை வேர்க்ஸ்பேஸ் நிர்வாகப் பக்கத்தில் உருவாக்கி டொமைன் பதிவில் ஒட்டுங்கள். பிறகு திரும்பவும் நிர்வாகப் பக்கத்துக்கு வந்து தொடங்கு என்று அழுத்த வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். டொமைன் பதிவு எல்லா இடமும் பரவ 48 மணி நேரம் வரை ஆகலாம், அவசரப்படாதீர்கள். வேர்க்ஸ்பேஸில் ஒரு கணக்கில் இருந்து ஒரு நாளைக்கு 2000 அஞ்சல் வரை போகும், சாதாரண ஜிமெயிலில் 500. உங்கள் 168க்கு எது என்றாலும் இடம் இருக்கிறது.

ஸ்காபரோ பொருளாளர்

தம்பி, நீங்கள் சொன்ன அந்த அஞ்சல்பெட்டியை இன்றைக்குத்தான் முதன்முதலாகத் திறக்கிறேன். திரும்பி வந்தவை வரிசையாகக் கிடக்கின்றன. பாதியில் "ஒரு மணி நேரத்துக்கு 60 அஞ்சல்தான், வரம்பு தாண்டிவிட்டது" என்று இருக்கிறது. மீதி, அனுப்பியவரை உறுதிப்படுத்த முடியவில்லை என்று மறுக்கப்பட்டவை. இரண்டாவது எஸ்பிஎஃப் வரியை அழித்துவிட்டேன்.

மார்க்கம் கணக்காளர்

பொருளாளர் தம்பி, அஞ்சல் போகாததைவிட எனக்கு அந்த 40 பேரின் கதைதான் பயமாக இருக்கிறது. அதை முதலில் முடியுங்கள்.

ஒரே காணிக்கைக்கு இரண்டு செல்லுபடியாகும் இலக்கம் வெளியில் இருக்கக்கூடாது. ஒருவர் தெரியாமல் இரண்டையும் ரக்ஸ் செய்பவரிடம் கொடுத்தால், நாளைக்கு சிஆர்ஏ (கனடா வருமானவரி முகவரகம்) கேட்கும்போது அவரும் மாட்டுவார், சபையும் மாட்டும். அந்த 40 பேருக்கும் ஆளுக்கு ஒரே ஒரு புதுப் பற்றுச்சீட்டு எழுதுங்கள். அதில் "இது 2024-031, 2024-175 ஆகிய பற்றுச்சீட்டுகளை இரத்துச் செய்து அவற்றுக்குப் பதிலாக வழங்கப்படுகிறது" என்ற மாதிரி ஒரு வரி, அவரவர் இலக்கத்தோடு இருக்க வேண்டும். பழைய இரண்டின் பிரதியிலும் "இரத்து" என்று குறித்து வையுங்கள், அழிக்காதீர்கள்.

மற்ற 128 பேருக்கு அந்த வேலை தேவையில்லை. அவர்களுக்குப் பற்றுச்சீட்டு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது, சிலருக்குக் கைக்குத்தான் போகவில்லை. அதே கோப்பை, அதே இலக்கத்தோடு திரும்ப அனுப்பினால் போதும். உங்கள் மென்பொருளில் சேமித்த கோப்பை அனுப்புவது, புதிதாக உருவாக்கி அனுப்புவது என்று இரண்டு வழி இருக்க வேண்டும். நீங்கள் அழுத்தியது இரண்டாவது.

மின்னஞ்சலில் அனுப்பலாம் என்று சிஆர்ஏ ஒத்துக்கொள்கிறது, ஆனால் சும்மா அனுப்ப முடியாது. கோப்பை யாரும் திருத்த முடியாதபடி மறையாக்கம் செய்து பூட்டியிருக்க வேண்டும். மின்கையொப்பம் இருக்க வேண்டும், அந்தக் கையொப்பத்தின் கடவுச்சொல் சபை அதிகாரம் கொடுத்த ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும். அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதியைச் சபை வைத்திருக்க வேண்டும். வேர்ட் கோப்பில் கையெழுத்துப் படத்தை ஒட்டி அனுப்புகிற சபைகளை நான் பார்த்திருக்கிறேன், அது சரியில்லை. சபையின் பதிவு இலக்கம், சிஆர்ஏயின் பெயர், அதன் இணையத்தள விலாசம் மூன்றும் அச்சில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

இந்த வருடம் இன்னொன்றும் இருக்கிறது. தபால் வேலைநிறுத்தத்தால் 2025 பெப்ரவரி 28 வரை கொடுக்கிற காசு நன்கொடையையும் 2024 கணக்கில் கோரலாம் என்று விட்டிருக்கிறார்கள். உங்கள் சனமும் கேட்பார்கள். கேட்பவர்களுக்கு ஜனவரி, பெப்ரவரி இரண்டு மாதத்துக்கும் தனிப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். அடுத்த வருடம் மென்பொருள் ஜனவரி முதல் கூட்டும்போது அதே தொகை திரும்பவும் சேர்ந்துவிடும், அதை இப்போதே குறித்து வையுங்கள்.

மிசிசாகா சபைச் செயலாளர்

நாங்கள் இரண்டு வருடமாக மின்னஞ்சலில் அனுப்புகிறோம். தமிழ் எழுத்துப் பிரச்சினையில் நானும் ஒரு மாதம் மினக்கெட்டேன். பிடிஎஃப் உருவாக்கும் பகுதியில் இருக்கும் எழுத்துருவில் தமிழ் இல்லாததால்தான் சதுரப் பெட்டி வருகிறது. தமிழ் எழுத்துருவைச் சேர்த்தோம். எழுத்து வந்தது, ஆனால் கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தன. "பொன்னம்மா" என்ற பெயரை வாசிக்கவே முடியவில்லை. பிறகு யோசித்தால், பற்றுச்சீட்டில் இருக்கும் பெயர் வரிப்பத்திரத்தில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போக வேண்டும், அது ஆங்கிலத்தில்தானே இருக்கிறது. அதனால் பிடிஎஃபில் பெயரை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, வாழ்த்தும் நன்றியும் ஒரு வேத வசனமும் மின்னஞ்சலின் உடலில் தமிழில் எழுதுகிறோம். அது எல்லாத் தொலைபேசியிலும் வடிவாகத் தெரிகிறது.

அந்தத் தாயின் விஷயத்துக்கு வருகிறேன். அனுப்புவதற்கு முன் அங்கத்தவர் பட்டியலை மின்னஞ்சல் விலாசத்தின்படி அடுக்குங்கள். ஒரே விலாசம் இரண்டு தரம் வந்தால் அடுத்தடுத்த வரியில் கண்ணில் படும். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் பேசிக் கேளுங்கள். கணவன் மனைவி என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பெற்றோரும் பிள்ளைகளும் என்றால் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஸ்காபரோ பொருளாளர்

அக்கா, செயலாளர் ஐயா, இருவருக்கும் நன்றி. கோப்பைத் திறக்க ஒவ்வொருவருக்கும் பிறந்த திகதியைக் கடவுச்சொல்லாக வைக்கலாமா? அப்படிச் செய்தால் தவறான ஆளிடம் போனாலும் திறக்காதே.

மொன்றியல், கணனி வேலை

வைக்கலாம் அண்ணா, நான் என்றால் வைப்பேன்.

மிசிசாகா சபைச் செயலாளர்

நான் வைக்க மாட்டேன். முதல் வருடம் வைத்தோம். மூத்தவர்கள் பலரால் திறக்க முடியவில்லை. நாளை முதலில் போடுவதா மாதத்தை முதலில் போடுவதா என்று இரவு பத்து மணிக்கும் அழைப்பு வந்தது. கடைசியில் பேரப்பிள்ளையிடம் கொடுத்துத்தான் திறந்தார்கள், மறைத்ததில் என்ன பலன்? வீட்டில் இருப்பவர்களுக்குப் பிறந்த திகதியும் தெரியும். திருத்த விடாத பூட்டு போதும். விலாசத்தைச் சரியாக்குங்கள், அதுதான் உண்மையான காவல்.

ஸ்காபரோ பொருளாளர், பெப்ரவரி 17

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அடுத்த வருடம் இன்னொரு பொருளாளருக்கு உதவும்.

எஸ்பிஎஃப் ஒன்றே ஒன்று, டிகேஐஎம் சேர்த்து அடுத்த நாளே இரண்டும் சரி என்று காட்டியது. முதலில் நிர்வாகசபையில் உள்ளவர்களுக்கு மட்டும் அனுப்பினேன். ஜிமெயில், யாகூ, ஹொட்மெயில் மூன்றிலும் நேரே உள்பெட்டிக்கு வந்தது. பட்டியலை அடுக்கிப் பார்த்தபோது 17 பேர் இன்னொருவரின் விலாசத்தைப் பகிர்ந்து கொண்டிருந்தார்கள். எல்லோரிடமும் பேசினேன். 6 பேர் தங்கள் சொந்த விலாசத்தைத் தந்தார்கள். 11 பேர் அச்சடித்துத் தரச் சொன்னார்கள்.

மீதி 157 பேருக்கும் நான்கு தொகுதியாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு அனுப்பினேன். அந்த 40 பேருக்கும் இரத்து வரியோடு புது இலக்கம். பழைய பிரதிகளைத் தனிக் கோப்புறையில் வைத்திருக்கிறேன். திறக்கும் கடவுச்சொல் வைக்கவில்லை.

அந்த அம்மாவின் வீட்டுக்கு உறையை ஒட்டி நானே கொண்டுபோனேன். மன்னிப்புக் கேட்டேன். "தம்பி, அடுத்த வருடமும் எனக்கு அதே 47ஆம் இலக்க உறைதானே?" என்று மட்டும் கேட்டார். அதேதான் அம்மா என்றேன்.

மூன்று அஞ்சல் திரும்பி வந்தன. இரண்டில் விலாசம் பிழையாகத் தட்டச்சாகி இருந்தது, திருத்தி அனுப்பிவிட்டேன். மூன்றாமவரின் அஞ்சல்பெட்டி நிரம்பிவிட்டதாம், அவருக்கு இந்த ஞாயிறு கையில் கொடுக்கிறேன்.