மாற்றுப்பாதையா, மாற்றுத்தடமா?

முதன்மை இணைப்பு அறுந்தாலோ நிரம்பினாலோ அழைப்பையும் தரவையும் வேறு வழியாக அனுப்பும் ஏற்பாட்டுக்குத் தமிழ்க் கலைச்சொல்லாக ‘மாற்றுப்பாதை’ போதும் என்கிறீர்கள். திருகோணமலையிலிருந்து எழுதுகிற எனக்கு அது ஒட்டவில்லை. எங்கள் பக்கம் ‘பாதை’ என்றால் ஆளையும் வண்டியையும் தண்ணீர் கடத்தும் மிதவை. 2009இல் பாலம் திறக்கும்வரை பக்கத்து ஊரான கிண்ணியாவுக்குப் பாதையில்தான் போனோம். ‘பாதை பழுது’ என்று படிக்கிற கிழக்கு மாகாணப் பிள்ளைக்குத் மிதவை வந்து நிற்கும் துறையடிதான் ஞாபகம் வரும். ஆகவே ‘தடம்’.

‘பதில் தடம்’ என்ற யோசனை நல்ல யோசனைதான். பதில் அதிபர், பதில் நீதவான் என்று இலங்கையில் நாளாந்தம் புழங்குகிறோம். இல்லாதவரின் இடத்தில் நிற்பவர் என்று உடனே விளங்கும். ஆனால் வலையமைப்பில் பதில் என்றால் கேட்டதற்கு வரும் மறுமொழி. மறுமொழி திரும்பும் வழி என்றே வாசிப்பார்கள், தமிழ்நாட்டில் கட்டாயம் அப்படித்தான்.

‘பழுதுவழி’ சரிவராது. தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் இந்த ஏற்பாடு பழுதுக்கு மட்டும் வைத்ததல்ல. இரண்டு ஊருக்கு இடையிலான நேரடி இணைப்புகள் எல்லாவற்றிலும் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தால், அடுத்த அழைப்பு மூன்றாவது ஊரால் சுற்றிப் போகும். கம்பி நன்றாகவே இருக்கும், இடந்தான் இருக்காது.

அப்புறம், முன்னமே ஆயத்தமாக நிற்கும் தடம் வேறு, அறுந்தபின் தேடிப் பிடிக்கும் தடம் வேறு. இரு பக்கத்தாலும் போகக்கூடியதாக வட்டமாக இணைத்த ஒளியிழை வளையத்தில் ஒரு பக்கம் வெட்டுப்பட்டால் 50 மில்லிசெக்கனுக்குள் மறுபக்கத்தால் திருப்பிவிட வேண்டும் என்பது கணக்கு. பேசிக்கொண்டிருப்பவருக்குத் தெரியவே வராது. ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி வழி கணிக்கும் ஓஎஸ்பிஎஃப் (OSPF) என்ற நெறிமுறை ஓடும் ரவுட்டரோ வழக்கமான அமைப்பில் 10 செக்கனுக்கு ஒரு ‘ஹலோ’, அதாவது ‘நான் இருக்கிறேன்’ என்ற சிறு செய்தி, அனுப்பும். கேபிள் போன அறிகுறி நேரடியாகக் கிடைக்காவிட்டால், 40 செக்கன் அயல் ரவுட்டரிடமிருந்து ஹலோ வராத பிறகுதான் அதைக் கைவிட்டுப் புதுவழிக்குக் கணக்குப் போடும். அதற்குள் பேசுகிறவர் போனை வைத்துவிடுவார். முதலாவதற்கு ‘மாற்றுத்தடம்’, இரண்டாவதற்கு ‘மறுதடம் காணல்’ என்று பிரிப்போம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் பாடப்புத்தகம் எழுதுகிறவர் பாவம்.

வரைவிலக்கணத்தில் கொள்ளளவும் வரவேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2021 நவம்பரில் கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில், அங்குள்ள வேறொரு பாலத்தின் வேலை நடந்த காலத்தில் அந்தப் பாலத்துக்குப் பதிலாக ஓடிய பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளை இழந்தோம். வலையமைப்பிலும் அப்படித்தான்: பெரிய தடத்தின் சுமை முழுவதும் சிறிய தடத்தில் இறங்கினால் அதுவும் நெரிந்துபோகும். ‘முதன்மைத் தடத்தின் சுமையை, முழுதாகவோ குறித்த அளவிலோ, ஏற்க முன்னமே ஒதுக்கிய தடம்’ என்று எழுதலாம்.

எல்லாத் தடமும் நிரம்பியபின் அழைப்பு கடைசியாகப் போய்ச் சேரும் தடத்துக்கும் ஒரு பெயர் தேவை. ‘இறுதித்தடம்’ என்றால் சாவீட்டு நினைப்பு வருகிறது. ‘கடைத்தடம்’ என்று வைக்கலாமா? கடை என்றதும் மளிகைக்கடை தோன்றுமென்றால் ‘முடிவுத்தடம்’ எனக்குச் சம்மதமே.