வைரஸ் மாதிரிகளைத் தர மறுக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டா?

கேள்வி:
எச்5என்1 பறவைக் காய்ச்சல் மனிதர்களையும் தாக்கிக்கொண்டிருந்த 2007-ஆம் ஆண்டில், இந்தோனேசியா தன் நோயாளிகளிடம் எடுத்த வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்துக்கு அனுப்ப மறுத்தது என்று படித்தேன். எல்லை பாராமல் பரவக்கூடிய நோயில் இது பொறுப்பற்ற செயலாகவே எனக்குப் படுகிறது. பன்னாட்டு விதிகள் இதற்கு இடம் தருகின்றனவா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
முதலில் காரணத்தைப் பாருங்கள். 1952 முதலே நாடுகள் தங்களிடம் கண்டறியப்படும் இன்ஃபுளுவென்சா வைரஸ்களை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வக வலைப்பின்னலுக்கு விலையின்றி அனுப்பி வந்தன. தடுப்பூசிக்கு ஏற்ற வைரஸைத் தேர்ந்தெடுப்பது அவற்றைக் கொண்டுதான். இந்தோனேசிய வைரஸைக் கொண்டு ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று தடுப்பூசி உருவாக்கி வருவது தெரியவந்தபோது, வைரஸைத் தந்த நாடே அதை விலை கொடுத்து வாங்கும் வரிசையின் கடைசியில் நிற்பது என்ன நியாயம் என்று இந்தோனேசியச் சுகாதார அமைச்சர் சித்தி ஃபாதிலா சுபாரி கேட்டார். 2009-இல் எச்1என்1 பரவியபோது செல்வந்த நாடுகள் தடுப்பூசியின் பெரும்பகுதியை முன்பதிவிலேயே எடுத்துக்கொண்டதை நினைத்தால், அவருடைய அச்சம் வீணானதன்று.

மறுமொழி 2:
அமைச்சரின் கேள்வி நியாயமானது, ஆனால் இந்தோனேசியா கையாண்ட வழியை ஏற்க இயலவில்லை. அந்நாளில் இந்நோயால் மிகுதியான மனிதர்கள் இறந்த நாடு இந்தோனேசியாதான் என்பதால், வைரஸின் மாற்றங்களைக் கண்காணிக்க அங்கிருந்து வரும் மாதிரிகளே மிக அவசியமாயிருந்தன. சட்டத்தைப் பொறுத்தவரை, 2007 ஜூனில் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுச் சுகாதார நெறிமுறைகள், பன்னாட்டு அவசரநிலையாக மாறக்கூடிய நிகழ்வை மதிப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கக் கடமைப்படுத்துகின்றன. ஆனால் மாதிரியை அனுப்பியே ஆக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்வதில்லை. மரபணு வளங்கள் மீது அந்தந்த நாட்டுக்கே இறைமை உண்டு என்கிற 1992-ஆம் ஆண்டின் உயிரியற் பல்வகைமை உடன்படிக்கையை இந்தோனேசியா துணைக்கு அழைத்தது. கொல்லும் கிருமியை ‘வளம்’ என்று வாதிட்டது விசித்திரம்தான்.

கேட்டவர்:
நன்றி. இந்தப் பிணக்கு எப்படித் தீர்ந்தது?

மறுமொழி 3:
ஓரளவு தீர்ந்தது. நான்காண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின், 2011 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடி முடிவெடுக்கும் அவை, ஒரு சட்டகத்தை ஏற்றது. அதன்படி நாடுகள் மாதிரிகளைத் தருகின்றன. தடுப்பூசி, மருந்து நிறுவனங்கள் அந்த ஆய்வக வலைப்பின்னலின் ஆண்டுச் செலவில் பாதியளவைப் பங்களிப்பாகச் செலுத்துவதோடு, கொள்ளைநோய்க் காலத்தில் தங்கள் உற்பத்தியில் ஒரு பங்கை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்கவும் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன.

ஆனால் கொள்ளைநோயாக மாறக்கூடிய இன்ஃபுளுவென்சாவுக்கு மட்டுமே அது செல்லும், கொரோனாவுக்குச் செல்லாது. மேலும், 2020 ஜனவரியில் வைரஸின் மரபணு வரிசை இணையத்தில் வெளியானதுமே, அந்த வரிசையைக் கொண்டே வடிவமைக்கக்கூடிய எம்ஆர்என்ஏ வகைத் தடுப்பூசிப் பணி தொடங்கிவிட்டது. மாதிரிக் குப்பி வந்து சேரக் காத்திருக்கவில்லை. ஆகவே மாதிரியை மட்டும் பிடித்துவைத்துப் பேரம் பேசும் வலு குறைந்துவிட்டது. 2025 மே மாதம் ஏற்கப்பட்ட கொள்ளைநோய் உடன்படிக்கை வரிசைத் தகவலையும் சேர்த்துக்கொள்கிறது: பங்கேற்கும் நிறுவனங்கள் உற்பத்தியில் 20 விழுக்காட்டை உலக சுகாதார நிறுவனத்துக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும், அதில் குறைந்தது பாதி நன்கொடை. எனினும் இதை நடைமுறைப்படுத்தும் விதிகளைக் கொண்ட இணைப்பைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டே உடன்படிக்கையை ஏற்றார்கள். 2007-இல் எழுந்த பூசல் அந்த இணைப்புக்குள்தான் இருக்கிறது.