45 வருட தினசரி மழைப் பதிவு: ஆண்டு மொத்தத்தில் டிரெண்ட் இல்லை, வேறு எதைப் பார்க்கலாம்?

மானாவாரி:
அரை வறண்ட பகுதி, ஒரே மழைமானி. ஆண்டு மொத்தத்துக்கு மான்-கெண்டல் சோதனை (காலப்போக்கில் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) போட்டால் p = 0.4. அதாவது டிரெண்டே இல்லாவிட்டாலும் தற்செயலாக இந்த அளவாவது ஏற்றமோ இறக்கமோ தெரிய 40 சதவீத வாய்ப்பு. ஆனால் பருவத்தின் நடுவில் காய்வதும், பெய்தால் ஒரே நாளில் கொட்டுவதும் கூடிவிட்டதாகப் பயிர் செய்பவர்கள் சொல்கிறார்கள். எந்தக் கணக்கில் இது தெரியும்? பதிவில் வெற்றுக் கட்டங்களும் உண்டு.

மழைக்கணக்கு:
p 0.4 என்றால் மாற்றம் இல்லை என்று பொருளில்லை. இத்தகைய இடங்களில் ஆண்டு மழையின் மாறுபாட்டுக் கெழு (ஆண்டுக்காண்டு ஏற்ற இறக்கம் சராசரியில் எத்தனை சதவீதம் என்ற அளவு) 30 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். சின்ன மாற்றம் அதில் அமுங்கிவிடும்.

மொத்தத்தை உடைத்துப் பாருங்கள். 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாட்கள் எத்தனை, அப்படி ஒரு நாளுக்குச் சராசரி எவ்வளவு. 50 நாள் × 12 மி.மீ. என்றாலும் 600தான், 40 நாள் × 15 மி.மீ. என்றாலும் 600தான். பயிருக்கு இரண்டும் ஒன்றல்ல. கூடவே ஆண்டின் மிகப் பெரிய ஒரு நாள் மழை, மிக நீண்ட வறண்ட இடைவெளி. இந்த இடைவெளியைப் பருவத்துக்குள் மட்டும் எண்ணுங்கள். ஆண்டு முழுக்க எண்ணினால் கோடையின் நீளம்தான் விடையாக வரும்.

செவல்காடு:
அதற்கு முன்னால் பதிவைச் சுத்தம் செய்யுங்கள். பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். வெற்றுக் கட்டத்தில் 0 போட்டால் இல்லாத வறட்சி முளைக்கும். விடுமுறையில் அளக்காமல் விட்டு, மூன்று நாள் மழையை ஒரே நாளில் எழுதியிருந்தால் இல்லாத பெருமழை முளைக்கும். கிழமைவாரியாக மழை நாட்களை எண்ணுங்கள். ஞாயிறு மட்டும் குறைந்தால் சந்தேகப்படலாம். மாதத்தில் 3 நாளுக்கு மேலோ, ஆண்டில் 15 நாளுக்கு மேலோ விடுபட்டிருந்தால் அந்த மாதத்தை, ஆண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மழைமானி இடம் மாறியதா, பக்கத்தில் மரம் வளர்ந்ததா என்றும் விசாரியுங்கள்.

இடிமேகம்:
பெருமழைக்கு ஒரு மழைமானி போதாது. இடிமழை சில கிலோமீட்டர் அகலமே இருக்கும். உங்கள் மானியைத் தவறவிட்டுப் பக்கத்து ஊரில் கொட்டியிருக்கலாம். ஒரே மாதிரியான சுற்றுவட்ட நிலையங்களைச் சேர்த்துப் பாருங்கள். காற்று 1 டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவி தாங்கும் என்பது உண்மை. அதை அப்படியே உங்கள் ஊர் மழைக்குப் பொருத்த முடியாது.

தினசரி அளவில் தீவிரமும் மறைந்துவிடும். மணிக்கு 15 மி.மீ. உறிஞ்சும் மண்ணில் 60 மி.மீ. ஒரே மணி நேரத்தில் பெய்தால் 45 வழிந்தோடும். நாள் முழுக்கப் பெய்தால் மண்ணுக்குள் போகும். 15 நிமிடப் பதிவு கிடைத்தால் விடாதீர்கள். செயற்கைக்கோள் மழைத் தரவு நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் சராசரி எடுப்பதால் உச்சத்தை மழுக்கிவிடும்.

மானாவாரி:
பருவத் தொடக்கத்தை எப்படி வரையறுப்பது? முதல் மழையா?

மழைக்கணக்கு:
இல்லை, முதல் மழை ஏமாற்றும். 3 நாளில் 20 மி.மீ. பெய்து, அடுத்த 30 நாளில் 7 நாளுக்கு மேல் இடைவெளி விழாத முதல் தேதியை எடுங்கள். 20 மி.மீ. பெய்தும் இடைவெளி விழுந்த தேதிகளைத் தனியாக எண்ணி வையுங்கள். விதைத்து முளை கருகும் வாய்ப்பு அந்த எண்ணிக்கையில்தான் தெரியும்.